கூரை என்றால் இது கூரை!

ஆழ்வார்திருநகரியில் வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டைப் பிரித்துப் போடுகிறவர்கள், யார் வந்து என்ன கூரை போடலாம் என்று கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. பனங்கை என்கிற பனைமரச் சட்டம், அதன்மேல் குறுக்கே ரீப்பர், ரீப்பர்மேல் சீலிங் ஓடு, எல்லாவற்றுக்கும் மேலே மங்களூர் ஓடு. அவ்வளவுதான். இந்தக் கூரைக்குக் கீழே நான் சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டேன், ஆடிக் காற்றைப் பார்த்துவிட்டேன், ஐப்பசி அடைமழையைப் பார்த்துவிட்டேன். 2023 டிசம்பரையும் பார்த்துவிட்டேன். இனி வேறு கூரையை நான் ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன்.

அந்த டிசம்பரை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடாமல் கொட்டியது, இரவிலும் விடவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே ஏறத்தாழ அவ்வளவுதான். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது அந்த மழையில்தான். தாமிரபரணி கரைபுரண்டது, கரண்ட் போனது, போன் செத்தது. 62 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் கூரையில் 600 லிட்டருக்கும் மேல் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தனையும் என் வீட்டு ஓட்டின்மேல் விழுந்து, வழிந்து, முற்றத்துக்கும் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டாசலில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் டார்ச்சை அடித்து அடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சீலிங் ஓட்டின் அடிப்பக்கத்தில் ஈரத் திட்டுகூட இல்லை. தெருத் தண்ணீர் திண்ணைப் படியைத் தொட்டபோது அம்மா பயந்தாள். ஆனால் மேலேயிருந்து ஒரு ஆபத்தும் வராது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. “நல்ல ஓடுடா” என்று இருட்டுக்குள்ளிருந்து சொன்னாள். இந்தக் கூரைக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா?

இது எப்படி ஒழுகாமல் நின்றது என்று ஒரு ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் உடனே புரியும். சுமார் 41 சென்டிமீட்டர் நீளம், 23 அல்லது 24 சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்க விளிம்பில் இரட்டைப் பள்ளம் ஓடும். எதிர்ப்பக்க விளிம்பில் அதற்குச் சரியாக இரண்டு வரம்பு. பக்கத்து ஓட்டின் வரம்பு இந்தப் பள்ளத்துக்குள் உட்காரும்போது கிளிக் என்று ஒரு சத்தம்கூட வராது, சும்மா வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தும். காற்றில் சாய்ந்து அடிக்கிற மழை விளிம்புக்குள் புகுந்தால்கூட முதல் பள்ளம் அதைப் பிடிக்கும். அதையும் தாண்டினால் இரண்டாவது பள்ளம் பிடிக்கும். பிடித்த தண்ணீர் கீழ்வரிசை ஓட்டின் முதுகில்தான் போய் விழும், வீட்டுக்குள் விழ வழியே கிடையாது. மேல்விளிம்பில் ஒரு தடுப்பு இருக்கிறது, சரிவுக்கு எதிராகக் காற்று தள்ளுகிற தண்ணீரை அது மறிக்கும். அடிப்பக்கத்தில் இரண்டு கொக்கி, ரீப்பரைக் கவ்விக்கொள்ள. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு. ஆணி வேண்டாம், பசை வேண்டாம், தார் வேண்டாம். என்ன அழகான மூளை இது!

அந்த மூளை எங்கே பிறந்தது என்பதையும் தேடிப் படித்தேன். பிரான்சில் அல்சாஸ் பகுதியில் ஆல்ட்கிர்ஷ் என்ற ஊரில் கிலார்தோனி சகோதரர்கள் இப்படி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு 1841இல் உரிமம் வாங்கினார்கள். அந்த யோசனை மார்செய் துறைமுகத்து ஓட்டுச் சூளைகளுக்குப் போனது, அங்கிருந்து உலகமெங்கும் கப்பல் ஏறியது. மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன்காரர் கேயார்க் பிளெப்ஸ்ட், நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணைப் பார்த்துவிட்டு, 1865இல் ஜெப்புவில் தொழிற்சாலை போட்டார். அப்புறம் கோழிக்கோடு, பேப்பூர் ஆற்றங்கரையில் பெரோக் என்று மேலைக் கடற்கரையோரம் முழுக்கச் சூளைப் புகைதான். பர்மாவுக்கும் இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போன ஓடு இது. எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது முதுகில் ‘பாசல் மிஷன், 1865’ என்று ஆங்கிலத்தில் அச்சு பதிந்த ஓடு ஒன்று கிடைத்தது. 1865 அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், அந்த ஓட்டின் வயது எனக்குத் தெரியாது. ஆனால் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தட்டினேன் பாருங்கள், ‘ணங்’ என்றது! இப்போது அது என் தார்சாக் கூரையில், வாசலுக்கு நேர் மேலே, மற்ற ஓடுகளோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் முன்னால் இருந்தது நாட்டு ஓடு. அதைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குயவர் திகிரியில் குழாயாக வனைந்து, ஈரம் காய்வதற்குள் நெடுக்குவாட்டில் கீறி இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டு எடுத்த அரைவட்ட ஓடு. ஒன்றை மல்லாத்தி, அடுத்ததை அதன்மேல் கவிழ்த்து, அடுக்கு அடுக்காக மேய்வார்கள். இரண்டு மூன்று அடுக்கு சேர்ந்தால் வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. மாட வீதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் அதுதான் கூரை. ஆனால் அது தன் கனத்தினால் மட்டுமே உட்கார்ந்திருக்கிற ஓடு. பூனை ஓடினால் நகரும். குரங்குக் கூட்டம் வந்து போனால் ஒரு பக்கமே கலைந்து கிடக்கும், கோயில் ஊரில் குரங்குக்கா பஞ்சம்? வருஷா வருஷம் புரட்டாசியில் ஓட்டைப் பிரித்து மாற்றி மேய ஆள் வேண்டும். மேயத் தெரிந்த ஆள் குறைந்துபோனார்கள், வனைகிறவர்களும் குறைந்துபோனார்கள். பிரித்து எடுத்ததில் நல்லதாகத் தேறிய நாட்டு ஓடுகளை நான் வீணாக்கவில்லை. புறவாசலில் விறகுப் புரைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அதுதான் போட்டிருக்கிறது. தொழுவத்தில் மாடு நண்பகலில் சுகமாக அசைபோடுகிறது.

சுட்ட மண்ணின் ஆயுள் பற்றி எங்களுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. திருநெல்வேலி சாலையில் போனால் ஆதிச்சநல்லூர். மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டுக் கணக்கில் கிடந்த தாழிகளை, தோண்டிய குழியிலேயே, கண்ணாடித் தளத்துக்குக் கீழே காட்டுகிறார்கள். அந்தத் தளத்தின்மேல் நின்று குனிந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் ஓட்டின் நினைவுதான் வரும். இந்த ஆற்றங்கரை மண்ணை ஒழுங்காகச் சுட்டுவிட்டால் போதும், அது காலத்தையே பார்த்துவிடும்!

வெயிலுக்கு வருகிறேன். வைகாசி விசாகம் நம்மாழ்வார் அவதார நட்சத்திரம். அந்த உற்சவத்தில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் இங்கே எழுந்தருளி ஒன்பது கருட சேவை நடக்கும். ஊரே ஜனக்கடல். ஒவ்வொரு வீட்டிலும் விருந்தாள், பாய் போட இடம் இருக்காது. எங்கள் வீட்டில் பட்டாசலிலும் ரெண்டாங்கட்டிலும் சொந்தக்காரர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். வெளியே தெருக்கல் கொதிக்கும். உள்ளே மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்! பாளையங்கோட்டையில் புது மாடி வீடு கட்டி இருக்கிற என் அத்தான், ஏசி இல்லாமல் கண்ணை மூட முடியாதவர், எங்கள் ஃபேனுக்குக் கீழே சாப்பிட்ட கையோடு சாய்ந்து சாயங்காலம்தான் எழுந்தார். “மாப்ளே, எப்படிவே இது?” என்று கூரையைக் காட்டிக் கேட்டார்.

எப்படி என்றால் இப்படித்தான்: மேல் ஓட்டுக்கும் சீலிங் ஓட்டுக்கும் நடுவே காற்று நிற்கிற இடைவெளி இருக்கிறது. மேல் ஓடு சுட்டாலும் அந்தச் சூடு நேராகக் கீழே இறங்காது. ஓட்டுச் சந்துகளின் வழியே சூடேறிய காற்று முகட்டுப் பக்கம் கசிந்து வெளியே போய்விடும். சுட்ட மண் இராத்திரிப் பனியையும் மழை ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயிலில் ஆவியாக விடும், அதிலேயும் ஓடு குளிரும். பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தட்டட்டி அப்படியா? பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்திருப்பவன்மேல் இறக்கும். அதைத் தணிக்க மேலே வெள்ளை டைல்ஸ் பதிக்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். எனக்கு அந்தக் கவலையே இல்லை.

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டையும் பற்றி அதிகம் பேச வேண்டாம். கடல் காற்றில் தகரம் துருவேறும், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆஸ்பெஸ்டாஸ் நார் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விலை மலிவு என்பதற்காக உடைந்த ஷீட்டுக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்கவைக்க மனசு வருமா?

என் தம்பி அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அவன் வீட்டுக் கூரை ஆலங்கட்டி மழையில் அடிபட்டுப்போய் மாற்ற வேண்டி வந்தது. அப்போது ராத்திரி ராத்திரி போனில் எங்களுக்கு இதே பேச்சுதான். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு ஆஸ்பால்ட் ஷிங்கிள்தான் கூரை. மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் 1903இல் தார் அட்டையைச் சின்னச் சின்னத் தகடாக வெட்டி வரிசையாக அடிக்கத் தொடங்கியதிலிருந்து வந்த சமாச்சாரம். இப்போது கண்ணாடி இழைப் பாயில் தார் ஏற்றி மேலே வண்ணக் கல்பொடி தூவி வருகிறது. இன்னொரு வகை காம்போசிட். பிளாஸ்டிக், ரப்பர் இவற்றை உருக்கி அச்சில் ஊற்றி, கற்பலகைக் கூரை அல்லது மரப்பட்டைக் கூரை மாதிரித் தெரியும்படி செய்கிறார்கள். விலை எக்கச்சக்கம், ஆலங்கட்டியை நன்றாகத் தாங்கும், ஆயுளும் கூடுதல். தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கனமான ரக ஆஸ்பால்டையே போட்டான். அவன் ஊருக்கு அது சரி. மரச் சட்ட வீடு, ஒட்டுப்பலகை விரித்த சரிவு, எடை குறைவாக இருக்க வேண்டும், ஆட்கள் வந்து ஓரிரண்டு நாளில் முடித்துவிட்டுப் போக வேண்டும். அங்கே என் ஓட்டை ஏற்றினால் கட்டடத்தையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது எனக்குக் காட்டுவதற்காக ஒரு ஷிங்கிள் துண்டு கொண்டுவந்தான். நல்ல சாம்பல் நிறம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. விரலால் தேய்த்தால் கல்பொடி கையில் ஒட்டியது. அந்தப் பொடிதான் தாரை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது, வருஷம் போகப் போக மழையில் அது உதிர்ந்து போய்க்கொண்டே இருக்குமாம். பொடி போன இடத்தில் தாரிலுள்ள எண்ணெய்ப் பசை வற்றி, முறுகி, விரிசல் விடுமாம். அந்தத் துண்டை மே மாத வெயிலில் முற்றத்துச் சுவர்மேல் என் ஓடு ஒன்றின் பக்கத்தில் வைத்தோம். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் ஷிங்கிள் கையைச் சுட்டது, இரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்தது. ஓடும் சுட்டது, ஆனால் விறைப்பாக அப்படியே இருந்தது. அஸ்தமித்துக் கொஞ்ச நேரத்தில் ஆறியும் விட்டது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஓட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றான். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் சில ரிசார்ட்டுகளில் ஷிங்கிள் போட்டிருக்கிறார்கள், குளிர்ப்பிரதேசம், இருக்கட்டும். நம் ஊரில் கரையானுக்கு ஒட்டுப்பலகையைப் படையல் வைத்து, அதன்மேல் தாரை ஒட்டி, காற்றுப் போக வழியில்லாமல் மூடி, எதற்கு?

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கூரையின் உச்சம். ஒரு தேங்காய் விழுந்து ஓர் ஓடு உடைந்தது என்று வையுங்கள். ஏணியை வைத்து ஏறி, மேல்வரிசை ஓட்டை லேசாகத் தூக்கி, உடைந்ததை உருவி எடுத்து, புதியதைச் செருகிவிட்டு, காபி ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். கான்கிரீட் ஒழுகினால் விரிசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போய்விடும். இங்கே பழுது ஓர் ஓட்டோடு முடிந்துவிடுகிறது! அடுப்படி இருட்டாக இருக்கிறதா? ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி ஓடு ஒன்றைப் போட்டால் போதும். காலை எட்டு மணிக்கு எங்கள் அடுப்படியில் அம்மிக்கு மேலே விழுகிற அந்த வெளிச்சக் கட்டம், பதினொரு மணிக்கு அரிசிப் பானைப் பக்கம் நகர்ந்திருக்கும். அம்மா அதை வைத்தே நேரம் சொல்லுவாள். வீட்டை விற்றாலும் பிரித்தாலும் ஓடு ஓடாகவே இருக்கும், இன்னொரு வீட்டுக்குப் போகும். எந்தக் கூரைக்கு இந்த மரியாதை உண்டு?

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஆசாரிக்குக் கோபம் வரும். பனங்கைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். “அண்ணாச்சி, வைரம் பாஞ்ச பனை இருக்கும்போது இரும்புக் குழாய் எதுக்கு? இது உங்க பேரன் காலத்துக்கும் கெடக்கும்லா” என்றார். இப்போது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், 2021இல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள், மிக நல்ல காரியம். அதனால் இடித்த வீடுகளிலிருந்து பழைய பனங்கைகளைத் தேடிப் பிடித்தோம். ஆசாரி ஒவ்வொன்றையும் இழைப்புளி போட்டுச் சீவியபோது மேலே இருந்த கரியும் தூசியும் போய், கறுப்பில் மஞ்சள் வரி ஓடுகிற அந்த நிறம் வந்தது. அடடா! முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் காயவைத்தார். சரிவு சுமார் 30 டிகிரி, அதற்குக் குறைந்தால் தண்ணீர் தயங்கும். ரீப்பர் அடிக்கும்போது டேப்பை நம்பாமல் வாங்கிவைத்த ஓட்டையே கையில் எடுத்து, கொக்கி மாட்டிப் பார்த்து, அடுத்த ரீப்பருக்குக் கோடு போட்டார். இறவாரத்தில் கடைசி இரண்டு வரிசையைக் கம்பியால் ரீப்பரோடு கட்டினார். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்று முதலில் கைவைப்பது அங்கேதான். அதன்பின் வந்த ஆடிகள் அடித்தும் ஒன்றுகூட அசையவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டுங்கள். மணிச் சத்தம் வந்தால் எடுங்கள், ‘தப்’ என்றால் வேக்காடு போதவில்லை அல்லது உள்ளே கீறல் இருக்கிறது. நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். சமதரையில் வைத்தால் நாலு மூலையும் தரையைத் தொட வேண்டும், ஆடினால் வளைந்த ஓடு, பூட்டு சரியாக விழாது. முடிந்தால் ஒன்றிரண்டை மல்லாத்திப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் அடிப்பக்கம் சொட்டக்கூடாது. ஐ.எஸ். 654 என்ற இந்தியத் தர எண் மங்களூர் ஓட்டுக்கென்றே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பழைய ஓடு கிடைத்தால் யோசிக்காதீர்கள், தட்டிப் பார்த்து அள்ளிக்கொள்ளுங்கள். காலத்தால் ஏற்கெனவே சோதித்த ஓடு அது.

தென்திருப்பேரையில் அக்கா வீட்டுக்கும் இதே கூரைதான் என்று முடிவாகிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் முதலில் தகர ஷீட் என்றுதான் இருந்தார், ஒரு மத்தியானம் எங்கள் பட்டாசலில் படுத்து எழுந்ததும் மனசு மாறிவிட்டது. தை பிறந்ததும் வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். ஓட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது கணக்குக்கு மேலே ஐம்பது நூறு உபரியாகச் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு தொழிற்சாலை அச்சும் நூலளவு வித்தியாசப்படும், ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓட்டின் வரம்பு சரியாக உட்காராது. உபரி ஓடுகளைப் புறவாசல் சுவரோரம் குத்துக்கல்லாக நிறுத்தி அடுக்கிவையுங்கள், படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும்.